சோழகத்துக்கு எந்தப் பாய்?

எங்கள் வீட்டில் எதையும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவோம். பள்ளிச் சீருடை, செருப்பு, மழைக்கோட்டு எல்லாமே வளர்ந்து போட்டுக்கொள்ள. நான் வளர்ந்து முடித்துப் பல வருடமாகியும் அந்தப் புத்தி போகவில்லை. பாய் கட்டிக் காற்றில் ஓட்டும் வின்ட்சேர்ஃபிங் பலகை வாங்கக் கொழும்புக்குப் போனபோது, விற்றவர் நாலரைச் சதுர மீற்றர் பாயையும் ஆறரைப் பாயையும் ஒரே விலைக்குக் காட்டினார். நான் யோசிக்கவே இல்லை. ஆறரையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் அந்தப் பாய் என்னைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. சோழகம், அதாவது தென்மேற்கிலிருந்து வரும் காற்று, காலையில் சோம்பலாகத் தொடங்கி வெயில் ஏற ஏற வலுக்கும். நானோ ஒல்லி. பாய் என்னைத் தூக்கி முன்னால் எறியும். எழுந்து நின்றால் தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் கால் சேற்றில் புதைந்துவிடும். இரண்டு தடவை மீன்பிடிக்கிற ஒரு அண்ணை தன் வள்ளத்தில் கயிறு கட்டி என்னை இழுத்து வந்தார். இரண்டாம் தடவை அம்மா கரையில் நின்றார்.

"இன்னொருக்கா உன்னைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தால் உந்தப் பலகையை வித்துப்போடவேணும். ஓமோ?"

"ஓம்" என்றேன். ஆனால் விட்டுவிடுகிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

ஆறரையைக் கொடுத்துவிட்டு மூன்று பாய்கள் எடுத்தேன்: ஐந்தரை, நாலரை, மூன்றரை. ஐந்தரையும் ஐந்தும் வாங்கினால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். காற்று வலுக்க வலுக்கப் பாய் சிறிதாக வேண்டும்; ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து நன்றாக விலகி இருந்தால்தான் எல்லாக் காற்றுக்கும் கைவசம் ஒன்று இருக்கும்.

வேண்டுமென்றே ஒரு ஞாயிறைத் தெரிவு செய்தேன். அன்று அங்கே யாரும் தொழிலுக்குப் போவதில்லை, வள்ளங்களெல்லாம் கரையில் கிடக்கும். இழுத்துவர ஆளில்லாவிட்டால் நானாகத்தானே வந்தாக வேண்டும்.

ஆனால் அந்த அண்ணை தேவாலயத்தில் பூசை முடிந்து, வெள்ளைச் சேர்ட்டோடு, தோளில் கயிற்றையும் போட்டுக்கொண்டு வந்து, என்னைப் பார்க்கக் கரைக்கு வந்திருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். எனக்குக் கோபம் வந்தது. நான் நாலரையைக் கையில் எடுத்ததை அவர் பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, உந்தத் துண்டுப் பாயோடை எங்கை போறியள்? காத்து இன்னும் எழும்பேல்லை. பெரிசைப் போடுங்கோ."

என் கையும் ஐந்தரைப் பக்கம்தான் போனது. பிறகு நினைத்துப் பார்த்தேன். போகும்போது நான் ஒருநாளும் விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் திரும்பும்போது. பாயைப் போகும்போது இருக்கிற காற்றுக்கு அல்ல, திரும்பி வரும்போது எழும்பும் காற்றுக்குப் பூட்ட வேண்டும். நாலரையைப் பூட்டினேன்.

பலகை ஆமையாய் நகர்ந்தது. கரையில் யாரோ சிரித்தது கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, வலை கட்டிய கம்புகள் வரை போனேன். அவற்றைச் சுற்றித் திரும்பியபோது சோழகம் எழும்பியது. பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாய் என்னை எறியவில்லை. உடம்பைப் பின்னால் சாய்த்துத் தொங்கினேன், அது என் பாரத்தைத் தாங்கியது. பலகை தண்ணீரைவிட்டு எழும்பி ஓடத் தொடங்கியபோது நான் கத்தியது கரைக்கே கேட்டிருக்கும்.

நான் கரை சேர்ந்தபோது அண்ணை கயிற்றை வள்ளத்துக்குள் போட்டார். அம்மா வந்து ஈரப் பாயைத் தடவிப் பார்த்தார்.

"சரி, விக்கவேண்டாம்" என்றார். பிறகு மனம் கேளாமல், "எண்டாலும் உந்தப் பாய் உனக்குக் கொஞ்சம் சின்னனெல்லே?"