சந்தேகத் தோமாவின் பெயர்

போன ஞாயிறு மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு ஞானஸ்நானம். பிள்ளைக்குப் பெயர் தொமாஸ். ஸ்பானியப் பெயர். கடைசி அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் – இங்கே வந்து எத்தனை வருடமானாலும் நம் ஆட்களுக்கு அது வருவதில்லை.

தாய் நிரோஷா, என் அக்காவின் மகள். தகப்பன் கார்லோஸ், பெரு நாட்டுக்காரன். டோர்வல் விமான நிலையத்தில் வேலை. நிரோஷாவின் வயிற்றில் முதலில் இரண்டு பிள்ளைகள் இருந்தன. ஐந்தாம் மாதம் ஒன்று போய்விட்டது.

அதன்பிறகு வீட்டில் ஒரு சட்டம். அதைப் பற்றி யாரும் கதைக்கக் கூடாது. போட்டவள் அக்கா. மகள் உடைந்துவிடுவாள் என்ற பயம். நாங்களும் நல்லது செய்வதாக நினைத்து வாயை மூடிக்கொண்டோம். நிரோஷாவும் மூடிக்கொண்டாள்... எங்களோடு எதையுமே கதைக்காத அளவுக்கு.

பிள்ளை பிறந்ததும், பெயர் தொமாஸ் என்றான் கார்லோஸ். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மன்னார்க்காரி அல்லவா? தோமா என்றால் அவளுக்குச் சந்தேகத் தோமாதான். உயிர்த்த ஆண்டவரையே காயத்தில் விரல் விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர்! அந்தோனி இல்லையா, சூசை இல்லையா, இவர்தானா கிடைத்தார் என்று ஃபோனில் என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

கார்லோஸ் விளக்கம் சொல்லவில்லை. சொல்வதென்றால் சட்டத்தை மீற வேண்டுமே – அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நிரோஷா மட்டும் அசையவில்லை. இந்தப் பெயர்தான் என்றாள்.

சரி, பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸும் கேக்கும். பங்குக் கோவிலில் எல்லோரையும் தெரிந்த ஒரு அன்ரி வந்து, நம் ஆட்கள் தவறாமல் கேட்கும் கேள்வியைக் கேட்டார். தொமாஸ் என்றால் என்ன கருத்து?

அக்கா பேச்சை மாற்றப் பார்த்தாள். நிரோஷா விடவில்லை.

“இரட்டைப் பிள்ளையில ஒராள் எண்டு கருத்து, அன்ரி. இயேசுநாதர் கதைச்ச பாஷையில அது முதல்ல பேரே இல்லையாம். இரட்டையில பிறந்தவரைக் கூப்பிடுற சொல்லாம். கார்லோஸ்தான் சொன்னவர்.”

‘திதிம் என்னும் தோமா’ என்று வருடா வருடம் பூசையில் கேட்கிறோம். திதிம் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அதே கருத்துத்தானாம். யாராவது கேட்டுப் பார்த்தோமா?

அன்ரி பிள்ளையின் தள்ளுவண்டிலைப் பார்த்தார். அதில் ஒரு பிள்ளைதான். மற்றது எங்கே என்பதுபோல் அக்காவைப் பார்த்தார். எனக்கோ அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயம். அவள் குனிந்து, பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஓம். எனக்கு ரெண்டு பேரப்பிள்ளையள்.”

நிரோஷா அழுதாள். அக்கா இத்தனை மாதமாகப் பயந்தது அதற்குத்தான். ஆனால் மகள் உடையவில்லை. தாயின் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கார்லோஸ் இருவருக்கும் கேக் கொண்டுவந்து கொடுத்தான்.

துக்கத்தைப் பேசாமல் விட்டால் போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். கார்லோஸ் அதைத் தினமும் செல்லமாகக் கூப்பிடும்படி செய்துவிட்டான்.

நேற்று ஃபோனில் அக்கா பேரனைக் கூப்பிடுவது கேட்டது – கடைசி அசையைச் சரியாக அழுத்தி!