முதல்ல பிளக், கடைசியா டேங்க்

புல்வெட்டும் மெஷின்களைப் பழுது பார்க்கும் அந்த மெக்கானிக்குக் கடைத்தெருவில் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'பாக்காமச் சொல்றவர்'. மெஷினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கோளாறைச் சொல்லிவிடுவாராம். வேறு யாருக்காவது இப்படி ஒரு பேர் கிடைத்திருந்தால் பெரிய எழுத்தில் போர்டு மாட்டியிருப்பார்கள். இவனோ அந்தப் பேரைக் கேட்டால் சட்டென்று குனிந்து தரையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவான். கீழே ஒன்றும் விழுந்திருக்காது.

கடை சின்னதுதான். முன்னால் ஒரு மேஜை, பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை, சுவரெல்லாம் தொங்கும் வெட்டுத் தகடுகள், எத்தனை தேய்த்தாலும் போகாத ஆயில் கறை. கல்யாணமான புதிதில் அவன் மனைவி மேஜையில் உட்கார்ந்து பில் மட்டும் போட்டாள். பிறகு சும்மா இருக்கிற நேரத்தில் பிளக் துடைத்தாள். ஆசையாகக் கேட்கிறாளே என்று அவனும் மார்பை நிமிர்த்திக்கொண்டு கற்றுக்கொடுத்தான்.

"மெஷின் எடுக்கலைன்னா உடனே எல்லாத்தையும் கழட்டிப் போடக் கூடாது. முதல்ல பிளக், அப்புறம் ஏர் ஃபில்டர், கடைசியா டேங்க். இந்த வரிசையை மாத்துறவன் மெக்கானிக்கே இல்ல."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் ஒப்பிக்கும் அளவுக்கு இதைச் சொல்லியிருக்கிறான். அவனும் ஒருநாளும் அந்த வரிசையை மீறியதில்லை.

வினை எத்தனால் ரூபத்தில் வந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் சர்க்கரை ஆலை எத்தனாலைக் கேனில் விற்க ஆரம்பித்தது. பெட்ரோலைவிட மலிவு, புகையும் அவ்வளவாக நாறாது. தோட்டக்காரர்கள் வாங்கி அப்படியே மெஷினில் ஊற்றினார்கள். மெஷின்கள் இருமின, திணறின, நின்றுபோயின. தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள்.

"சாராயத்தை ஊத்தினா மெஷின் ஆடும்யா, ஓடாது!" என்றான் இவன். கடையே சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

கொட்டகை மூலையில் கிடந்த ஒரு ஓட்டை மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனாலாக இருந்தால் பெட்ரோலைவிடக் கூடுதலாக உள்ளே போனால்தான் எஞ்சினுக்குப் போதும். அதனால் கார்புரேட்டருக்குள் எரிபொருள் போகிற ஜெட்டின் துளையை மயிரிழை அளவு பெரிதாக்கினாள். கை நழுவிச் சில ஜெட்டுகள் பாழாயின. பழைய ரப்பர் ட்யூப் எத்தனாலில் ஊறி உப்பிக்கொண்டது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு எத்தனாலைத் தாங்குகிற ட்யூப் தேடி வாங்கினாள். காலைக் குளிரில் மெஷின் எழுந்திருக்க அடம்பிடித்தபோது ஒரு மூடி பெட்ரோலைக் காட்டி எழுப்பினாள். ஒருநாள் மத்தியானம் கொட்டகைத் தகரமெல்லாம் அதிர அது ஓடியது.

"பாத்தீங்களா!" என்று முகமெல்லாம் பல்லாகத் திரும்பினாள்.

"சத்தம் சரியில்லையே," என்றான் அவன்.

சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து கடைக்குள் கால் வைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள். "அக்கா இருக்காங்களா?" மலை மாதிரி ஒருத்தன் முன்னால் நிற்கிறான், அவன் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கடை திறந்த நாள் முதல் வாடிக்கையாளரான தொப்பிக்காரர், வெயிலோ மழையோ தொப்பியைக் கழற்றாத பெரிய வீட்டுத் தோட்டக்காரர், அவரும் கட்சி மாறிவிட்டார்.

"நான் பாக்கட்டுமா?" என்றான் இவன்.

"வேணாம் தம்பி. இது எத்தனால் மெஷின். அவங்க வரட்டும், நான் உக்காந்திருக்கேன்."

அவனுக்கு வந்தது பொறாமைதான். அதற்கு வேறு நாகரிகமான பேர் ஒன்றும் கிடையாது. எதிர்க் கடைக்காரன் மேல் வந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். கட்டின மனைவியைப் பார்த்து வயிறு எரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? அவளோ எதுவும் தெரியாமல், "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று பரிமாறுவாள். இவன் உப்பு ஜாஸ்தி என்பான். அவள் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் துளையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஒருமுறை அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, இதென்ன பெரிய வித்தை என்று கடையில் கிடந்த ஒரு மெஷினில் தானே எத்தனாலை ஊற்றி ஓட்டினான். ஜெட்டைத் தொடவில்லை. துளை விஷயமெல்லாம் அவள் பண்ணுகிற பந்தா என்று நினைப்பு. எஞ்சின் போதிய தீனி இல்லாமல் கொதித்து, பிஸ்டன் இறுகி, அப்படியே செத்தது. அதைக் காலி டின்களுக்குப் பின்னால் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினான். அவள் அந்தப் பக்கம் பெருக்கப் போனாலே இவன் துடைப்பத்தை வாங்கித் தானே பெருக்குவான்.

இந்த நிலையில்தான் பெரிய பூங்காவின் சூப்பர்வைசர் வந்தார். பூங்கா மெஷின்கள் எல்லாவற்றையும் எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். நாளைக்குக் காலையில் அவள் மாற்றிய ஒரு மெஷினைக் கொண்டுவந்து ஆட்கள் முன்னால் ஓட்டிக் காட்டினால், மொத்த வேலையும் இந்தக் கடைக்குத்தான். எல்லாவற்றையும் அவளிடமே பேசினார். பேச்சு முடிந்ததும் இவன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, ஒரு டீ சொல்ல முடியுமா?"

அவனுடைய சொந்தக் கடையில், அவனுடைய மேஜைக்கு முன்னால் நின்றே அப்படிக் கேட்டார். போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் அவள் மறுநாளைக்கு வேண்டிய எத்தனாலை ஒரு கேனில் முக்கால்வாசி ஊற்றி, கொட்டகை ஓரத்தில் வைத்தாள். மூடுவதற்குள் முன்பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். போனவள் பேச்சில் மறந்துவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது. தகரத்திலிருந்து வழிந்த தண்ணீர் நேராகக் கேனின் வாய்க்குள் விழுந்தது. மெக்கானிக் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்ரோல் என்றால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். எத்தனாலில் அப்படியே கரைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. இதை அவனுக்குச் சொன்னதே அவள்தான். பக்கத்தில் இருந்த தன் பெட்ரோல் கேனை மட்டும் பத்திரமாகத் தூக்கி உள்ளே வைத்தான். எத்தனால் கேனைத் தொடவில்லை. நானா ஊற்றினேன், மழைதானே ஊற்றுகிறது என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அதோடு விட்டிருந்தால் மறதி என்றாவது சொல்லிக்கொள்ளலாம். பாவி, மழை விட்டதும் போய் மூடியை இறுக்க மூடினான். வெளியே இருந்த ஈரத்தைத் துணியால் துடைத்தும் வைத்தான்.

மறுநாள் பூங்காவில் தோட்டக்காரர்கள் கூடியிருந்தார்கள். தொப்பிக்காரரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அவள் கேனைத் திறந்து டேங்கில் ஊற்றிவிட்டு, ஸ்டார்ட் கயிற்றை இழுத்தாள். மெஷின் ஒரு இருமல் இருமியது. மறுபடியும் இழுத்தாள். திரும்பத் திரும்ப இழுத்தாள். நெற்றியில் முடி வியர்வையோடு ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் ஒருத்தன், "பொம்பளை கையில மெஷினைக் கொடுத்தா இப்படித்தான்" என்றான். பின்னால் கையைக் கட்டி நின்றிருந்த அவள் புருஷனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சூப்பர்வைசர் கழுத்தை நீட்டித் தேடினார். "அண்ணே, நீங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்!"

அப்படி யாராவது கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று. கூட்டம் வழி விட்டது. அவன் கால் தரையில் பாவவில்லை. அவள் பெட்டியிலிருந்து பிளக் ஸ்பானரை எடுத்து, வழக்கம்போல அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. பிளக்கைப் பார்க்கவில்லை, ஃபில்டரைப் பார்க்கவில்லை, குனியக்கூட இல்லை.

"எத்தனால்ல தண்ணி கலந்திருக்கு. டேங்கைக் காலி பண்ணி, கார்புரேட்டரைத் துடைச்சுட்டு, வேற கேனை ஊத்துங்க."

அப்படியே செய்தார்கள். சூப்பர்வைசர் பூங்காவில் வாங்கி வைத்திருந்த புது எத்தனால் கேனை ஊற்றி அவன் கயிற்றை இழுத்தான். மெஷின் பட்டென்று பிடித்துக்கொண்டு புல்லை வழித்துக்கொண்டு போனது. கைதட்டினார்கள்.

"யப்பா, பாக்காமலே சொல்லிட்டாரே!" என்று தொப்பிக்காரர் கத்தினார். பேர் அங்கே பிறந்ததுதான்.

எல்லோரும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் நீட்டிய ஸ்பானரோடு இவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது லோடு வண்டியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க."

"என்ன?"

"பிளக்கைப் பாக்கலையே நீங்க."

"என்னமோ தோணுச்சு, சொன்னேன்."

"நேத்து அந்தக் கேனை நான் மூடவே இல்ல. இப்பத்தான் ஞாபகம் வருது. காலையில பாத்தப்ப இறுக்கமா மூடியிருந்துச்சு."

அவன் கியரை மாற்றினான். மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் போடவில்லை. மறுநாள் தன் சாமான்களை எல்லாம் பெட்டியில் போட்டு மூடி, மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, பில் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். அவளைக் கேட்டு யார் வந்தாலும் சிரித்த முகமாக, "அவரைக் கேளுங்க. அவர் பாக்காமலே சொல்வார்" என்று கை காட்டினாள். கடைத்தெரு முழுக்கப் பேர் பரவியது. அவன் ஆசைப்பட்டபடியே, இப்போது எல்லோரும் அவனைத்தான் தேடி வந்தார்கள்.

பூங்கா மெஷின்களும் வந்து இறங்கின. கொட்டகை நிறைந்து வாசல் வரை நின்றன. அவன் ஒரு கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டைக் கையில் எடுத்தான். துளையை எவ்வளவு பெரிதாக்குவது? அவள் செய்யும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு ஜெட்டைக் கெடுத்தான். அடுத்ததையும் கெடுத்தான். சாக்குக்கு அடியில் செத்துக் கிடந்த எஞ்சின் ஞாபகத்துக்கு வந்தது. அவளைக் கேட்க வாய் வரவில்லை. அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சூப்பர்வைசர் தொப்பிக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "என்னண்ணே, எல்லாம் எப்ப ரெடியாகும்?"

அடுத்த வாரம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவன் மேஜைப் பக்கம் பார்த்தான். அவள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். இந்தக் கடையில் இனி அவள் பில் மட்டும்தான் போடுவாள் என்று நினைத்தபோது, இத்தனை நாள் எரிந்த வயிறு முதல் தடவையாக அணைந்து, மனசு வெறிச்சென்று ஆனது.

"எனக்குத் தெரியாது," என்றான். "இந்த வேலை அவளுக்குத்தான் தெரியும்."

"அட, பாக்காமச் சொல்றவரே இப்படிச் சொன்னா எப்படி?"

"நான் பாக்காமச் சொல்லலைங்க. பாத்துட்டுத்தான் சொன்னேன். முந்தின நாள் மழைத் தண்ணி அந்தக் கேன்ல விழுந்துச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் நானே போய் மூடியைப் போட்டேன்."

சூப்பர்வைசர் தொப்பிக்காரரைப் பார்த்தார். தொப்பிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "எவ்வளவு அடக்கம் பாருங்க மனுசனுக்கு! பொண்டாட்டியை விட்டுக்கொடுக்காம எப்படிப் பேசுறார்!" இருவரும் அவன் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதனால்தான் அந்தப் பேர் இன்றைக்கும் அவனை விட்டுப் போகவில்லை.

மேஜையில் பேனா வைக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து வந்தாள். பெட்டியைக் காலால் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போய், முதல் மெஷினுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

"முதல்ல பிளக்."

அவன் ஸ்பானரைத் தேடி எடுத்து அவள் கையில் வைத்தான். அது அந்தக் கையில் எவ்வளவு பாந்தமாக உட்கார்ந்தது என்று பார்த்தானோ இல்லையோ, பாழாய்ப்போன வயிறு மறுபடியும் எரிய ஆரம்பித்தது.