மணி அடித்தால்தான் ரெஸ்யூம்

என் அக்காவிடம் ரெஸ்யூம் அடிக்க வரும் பிள்ளைகளிடம் அவள் மார்க்கைப் பற்றி முதலில் கேட்க மாட்டாள். "லீவுல வீட்டுல என்ன பண்ணுவே?" என்பாள். பிள்ளை திருதிருவென்று விழிக்கும்.

"ஒண்ணும் பண்ணலக்கா."

"ஒண்ணுமே பண்ணாம ஒரு மனுஷன் இருக்க முடியுமா? யோசிச்சுச் சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பின்னால் ஏழு பேர் வரிசையில் நிற்பார்கள். இவளுக்கு அவசரமில்லையாம்! ஆனால் அப்படித் தோண்டித் துருவித்தான் ஒருத்தன் வாயிலிருந்து, அவன் குடியிருக்கும் கட்டடத்தில் நாற்பது வீட்டுக்கும் தண்ணீர் லாரி வரும் நேரத்தை அவன்தான் இரண்டு வருஷமாக முறை வைத்துச் சொல்லிவந்தான் என்பதைப் பிடுங்கினாள். அதை ஒரு வரியாக அடித்தாள். அந்த வரிக்காகவே அவனை ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்தார்கள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய் என்றால் அக்காவுக்கு விரல் நகராது.

கடை கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் மெஷின், பின்னால் ஒரு மடக்குக் கட்டில் போடுகிற அளவுக்கு ஓர் அறை. அக்கா டைப்பிங், நான் ஜெராக்ஸ். பழைய வேலை போனபோது "ரெண்டே மாசம்க்கா" என்று சொல்லிக்கொண்டு வந்தவன், ஆறு வருஷமாக அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளுக்கு இரண்டு சட்டம். ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் வெற்றுப் பக்கத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். "பழைய ஃபைலத் திறந்து பேரை மாத்தினா அஞ்சு நிமிஷ வேலைதானேக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "அடுத்தவன் சட்டையப் போட்டுக்கிட்டு வேலை கேட்கப் போவியாடா?" என்றாள். இரண்டாவது, பிரிண்ட் எடுத்ததும் தாளின் மேலே இருக்கும் எண்ணைப் பார்த்துத் தன் போனில் இருந்து அடிப்பாள். பிள்ளையின் கையில் இருக்கும் போன் மணி அடிக்க வேண்டும். அடித்தால்தான் தாளைக் கொடுப்பாள். "மணி அடிச்சாத்தான் ரெஸ்யூம்" என்று பிள்ளைகள் அவளைக் கிண்டல் செய்வார்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தப்பு எண்ணும் வெளியே போனதில்லை.

போக வைத்த புண்ணியவான் நான்.

கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பம் போட அது கடைசி நாள். அக்கா காலையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துவிட்டார்கள். வெளிச்சம் ஊசியாகக் குத்துகிறது என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்து பத்துப் பேருக்கு அடித்தாள். பத்தாவது ஆள் நெட்டை. கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். அவன் போனதும் தலைவலி தாங்காமல் பின்னறையில் போய்ப் படுத்துவிட்டாள்.

அப்போது ஓட்டக்காரி ஓடி வந்தாள். வேதியியல் இரண்டாம் வருஷம் படிக்கும் பெண். எங்கே போனாலும் மூச்சிரைக்க ஓடித்தான் வருவாள் என்பதால் நான் வைத்த பெயர். தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் லேப் ஒன்றில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். அதற்கு ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மணி நாலே முக்கால்.

"அக்காவை எழுப்புங்கண்ணா, ப்ளீஸ்ணா."

"பாவம், இப்பதான் படுத்தா. நானே அடிச்சுத் தரேன், என்ன பிரமாதம்?"

பிரமாதம்தான். எனக்கு இரண்டு விரல் டைப்பிங். வெற்றுப் பக்கத்தில் ஆரம்பித்தால் விடிந்துவிடும். திரையில் நெட்டையின் ஃபைல் திறந்தே கிடந்தது. பெயரை மாற்றினேன். படிப்பு, மார்க், விலாசம், ஈமெயில் எல்லாம் மாற்றினேன். அனுபவம் என்ன என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லண்ணா" என்றாள். சரி என்று அந்தப் பகுதியையே அழித்துவிட்டேன். நாலு ஐம்பத்தேழுக்கு அனுப்பினோம். "தெய்வம்ணா நீங்க!" என்று கும்பிட்டுவிட்டு ஓடினாள். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. மணி அடித்துப் பார்க்கவில்லை.

கல்லூரிக்கு லீவு விட்டார்கள், ஹாஸ்டலும் காலியானது. மூன்று வாரம் கழித்து உள்ளூர்க்காரனான நெட்டை வந்தான்.

"அக்கா, ஒரு தமாஷ். ஏதோ லேப்ல இருந்து ரெண்டு தடவை போன் வந்துச்சு. ஒரு பொண்ணு பேரைச் சொல்லி, இன்டர்ன்ஷிப்புக்கு செலக்ட் ஆயிட்டாங்க, எப்ப வர்றாங்கன்னு கேக்கறாங்க. ராங் நம்பர்னு வச்சுட்டேன்."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஆயிற்று. அக்கா அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாள், ஃபைலைத் திறந்தாள், மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். ஓட்டக்காரியின் பெயர். கீழே நெட்டையின் எண்.

"அன்னைக்குக் கண்ல மருந்து விட்டிருந்தாங்க" என்றாள் மெதுவாக. "அடிச்சதுகூட நினைவில்லையே எனக்கு. பழைய ஃபைல் மேலயே அடிச்சிருக்கேன். மணிகூட அடிச்சுப் பாக்கல."

நான் டைப் அடித்திருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. 'இல்லக்கா, நான்தான்' என்று சொல்ல எத்தனை எழுத்து வேண்டும்? வாய் வரைக்கும் வந்தது, மென்று விழுங்கினேன். நெட்டை போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் போனதும் சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அக்கா அந்த லேபுக்கு உடனே போன் போட்டாள். இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றார்கள். ஈமெயிலில் ஒரு வரி போடக் கூடாதா அந்த மகராசன்கள் என்று அவர்களை மனசுக்குள் திட்டினேன். யாரையாவது திட்ட வேண்டுமே! ஓட்டக்காரியிடம் சொல்லலாம் என்றால் அவள் எண்ணே எங்களிடம் இல்லை. ஃபைலில் இருப்பது நெட்டையின் எண், விலாசமோ பூட்டிக் கிடக்கும் ஹாஸ்டல். ஈமெயில் போட்டாள் அக்கா, பதில் இல்லை.

மறுநாளில் இருந்து அக்கா கம்ப்யூட்டரைத் தொடவில்லை. லேமினேஷன் மெஷின் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். யாராவது டைப்பிங் என்று வந்தால் அடுத்த தெருக் கடைக்கு வழி சொன்னாள். கண் டாக்டரிடம் திரும்பத் திரும்பப் போய் வந்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் கடையில் இரண்டுக்கும் நடுவே நாலடி தூரம்தான். அவள் பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்களைச் செருகுவதைப் பார்த்துக்கொண்டே நான் ஜெராக்ஸ் எடுத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. "ஏன்டா சரியா சாப்பிடல?" என்று அதையும் அவள்தான் கேட்டாள்.

கல்லூரி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னாள்.

"எனக்கு ஒரு ரெஸ்யூம் அடி. தட்டித் தட்டி அடி, பரவாயில்ல. லேடீஸ் ஹாஸ்டல்ல சமையலறை மேற்பார்வைக்கு ஆள் கேக்கறாங்க. கடைய நீ பாத்துக்க."

"என்னக்கா பேசற நீ?"

"அடிடா. அனுபவம்: பத்தொன்பது வருஷம், டைப்பிங்."

அடித்தேன்.

"வேலையை விட்ட காரணம்: கவனக்குறைவு."

"உலகத்துல எவனாவது ரெஸ்யூம்ல இப்படிப் போடுவானாக்கா?"

"நான் இதுவரைக்கும் பொய் அடிச்சதில்ல. என்னோடதுல மட்டும் அடிக்கவா?"

'க' வரைக்கும் அடித்தேன். அதற்கு மேல் விரல் போகவில்லை.

"அக்கா, அது நீ அடிச்சதில்ல. நீ உள்ள படுத்திருந்தே. நான்தான் அடிச்சேன். நெட்டை ஃபைல் மேலயே அடிச்சேன்."

அவள் கையில் இருந்த கண்ணாடியைத் துடைத்தாள், போட்டுக்கொண்டாள், மறுபடி கழற்றினாள்.

"நம்பர் தப்பாப் போனது உனக்கு எப்பத் தெரியும்?"

"நெட்டை வந்த அன்னைக்கே."

"நாப்பத்தோரு நாள்" என்றாள். எண்ணி வைத்திருக்கிறாள்! "தப்பா அடிச்சதுக்கு உன்னைத் திட்ட மாட்டேன். யாருக்கும் வர்றதுதான். ஆனா நான் நாலு தடவை அந்த டாக்டர்கிட்டப் போனேன்டா. கண்ணு நல்லா இருக்கும்மான்னு அந்த மனுஷன் நாலு தடவையும் சொன்னார். எனக்காகப் பொய் சொல்றார்னு நெனச்சுட்டு வந்தேன். நீ இங்கதானே இருந்தே?"

நான் இங்கேதான் இருந்தேன். காலில் விழுந்திருப்பேன், அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு வாரமும் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. "பேப்பர் தீந்துருச்சு", "கதவைச் சாத்து", அவ்வளவுதான் பேச்சு.

கல்லூரி திறந்த முதல் நாள் ஓட்டக்காரி வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். ஒரு கடிதத்தை நீட்டி இரண்டு ஜெராக்ஸ் கேட்டாள். மெஷினில் வைக்கும்போது கண்ணில் பட்டது. படிப்பை நிறுத்திக்கொள்வதாகக் கல்லூரிக்கு எழுதிய கடிதம்.

"என்னம்மா இது?"

"வேதியியல் எனக்குச் சரிப்படாதுண்ணா. மாமா கடையில நிக்கச் சொல்றாங்க. அந்த லேப்ல கூட நம்மள எடுக்கலையே. வேணாம்னு சொல்லக்கூட ஒரு போன் வரல."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவன் யார் என்பதில் அங்கே சந்தேகம் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள், கடிதத்தை என் முகத்தில் விட்டெறிவாள் என்று நினைத்தேன். நியாயமும் அதுதான்.

"கூப்பிட்டாங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை."

அவள் அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்குள்ள சிக்னல் வராதுண்ணா. போன் வந்தா எடுக்கணும்னு ரெண்டு மாசம் மாடிப்படிலயே உக்காந்திருந்தேன்" என்றாள்.

அக்கா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு. என்னை அடிக்கச் சொன்ன தன் ரெஸ்யூமை மூடிவிட்டு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள்.

"கடிதத்தைக் குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம்மா. அதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு அடிச்சுத் தர்ற கடன் இந்தக் கடைக்கு இருக்கு. நம்பரைச் சொல்லு."

சொன்னாள். மற்றதையும் ஒவ்வொன்றாகக் கேட்டு அக்கா அடித்தாள், பிரிண்ட் எடுத்தாள், தாளை என்னிடம் நீட்டினாள். "நீ அடிச்சுப் பாரு, தம்பி" என்றாள்.

ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து என் போனில் அடித்தேன். ஓட்டக்காரியின் கையில் இருந்த போன் மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கட் செய்துவிடுவார்கள். இவள் செய்யவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள், போனைக் காதில் வைத்தாள், மாடிப்படியில் இரண்டு மாதம் பழகி வைத்திருந்த குரலில் என்னைப் பார்த்தே பேசினாள்.

"வணக்கம் சார். ஆமாம் சார், நான்தான் பேசறேன். சொல்லுங்க சார்."

நாலடி தூரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.