அப்பாவுக்கு வயது பத்து

அண்ணன் கனடாவிலிருந்து கொண்டுவந்த அந்த வீடியோ கேம் பெட்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழைய சீலைத் துண்டில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். தூக்கி எறிய வேண்டும் என்று எத்தனையோ தடவை இறக்கியிருக்கிறேன். அப்பா விடமாட்டேன் என்கிறார். மகன் கொடுத்ததாம்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் என் கோபத்தைச் சொல்ல முடியாது. அவர் அரசாங்க பஸ் ஓட்டியவர். மாத்தளையிலிருந்து லக்கலப் பக்கம் போகிற பஸ். மழைக்காலத்தில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடும்போது பஸ்ஸில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்களாம். அப்பா ஒருவருக்கும் பதில் சொல்லாமல் இறங்கிப் போய்த் தண்ணீரைப் பார்ப்பார். திரும்பி வந்து ஏறினால் பஸ் போகும். பீடியைப் பற்றவைத்தால் போகாது. றோட்டில் யானை நின்றாலும் அதே முறைதான். 'செய்யலாமா' என்று யாரிடமும் கேட்டு நின்ற மனிதர் இல்லை. வீட்டிலும் அப்படியே. அம்மா உயிரோடு இருந்தவரை அம்மாவுக்கு அது தீராத தலைவலி. ஆனால் எனக்கு அப்பா என்றால் அதுதான்.

போன வருஷம் பாரிசவாதம் வந்தது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. இடது கைதான் திரும்பவில்லை. காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு இரத்தோட்டை பஸ் நிற்கிற இடம்வரை நடப்பார், வருகிற பஸ்களின் டிரைவர்மாரைக் குறை சொல்லுவார், திரும்பி வருவார். அதற்குப் பிறகு நான் மாத்தளைக்கு வேலைக்குப் போய்விடுவேன். அவர் தன் கதிரையில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பார். அதுவும் ஐந்து நாள் மேட்ச்தான் பிடிக்கும். மற்றதெல்லாம் அவசரக்காரர்கள் விளையாட்டாம். கூரையில் டிஷ் இருந்தது, டிவி இருந்தது, அவர் கைக்கு அடங்குகிற ரிமோட் இருந்தது. நாங்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் லீவுக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். வந்து இரண்டு நாள்கூடப் பொறுக்கவில்லை. "இந்தக் காலத்துல யாராவது டிஷ் வச்சுக்கிட்டு இருப்பாங்களா?" என்று கூரையில் ஏறிவிட்டார். அவருடைய மகனுக்குப் புதிய கேம் பெட்டி வாங்கியாயிற்றாம், அதனால் பழையதை எங்களுக்குக் கொண்டுவந்திருந்தார். அதை டிவியில் மாட்டி, ஜன்னலோரம் வைஃபை பெட்டியை வைத்து, சானல்களை நேரலையாகக் காட்டுகிற ஆப் ஒன்றை இறக்கினார். எல்லாம் ஒரு பின்னேரத்தில் முடிந்தது. கழற்றிய டிஷ்ஷைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டார். அந்த அக்கா அதை முற்றத்தில் மல்லாக்கப் போட்டுக் கராம்பு காயவைத்தார்.

அந்தப் பெட்டியின் ரிமோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு பெருவிரலாலும் தள்ளி விளையாடுவதற்குச் செய்த சாமான். ஒரு கைதான் வேலை செய்கிற மனிதருக்கு அதை யார் கொடுப்பார்கள்? என் அண்ணன் கொடுப்பார். அப்பா அதைத் தொடையில் வைத்து, வலது பெருவிரலால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பழகினார். அவர் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, அதற்கென்று திரையில் ஒரு படம்கூட வைத்தாயிற்று: தொப்பி போட்ட கரடிக்குட்டி. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். விருந்தாளியாக வந்தவரோடு என்ன சண்டை என்று நினைத்தேன்.

அவர்கள் போனபிறகு ஒரு டெஸ்ட் மேட்ச் தொடங்கியது. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் டிவி கறுத்துப்போய்க் கிடந்தது. அப்பா அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

"மேட்ச் பாக்கலியாப்பா?"

"பாத்தேன் மகள். போதும்னு நிப்பாட்டிட்டேன்."

நம்பிவிட்டேன். கண் வலிக்கிறதோ, களைப்போ என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்ப் பூசை முடிந்து வந்தபிறகும் அவர் டிவியைப் போடவில்லை. நான் போடப் போனேன். "இப்ப வேணாம், பின்னேரம் பாப்போம்" என்று தடுத்தார். கடைசி நாள் மேட்சை முதல் பந்திலிருந்து பார்க்காமல் விடுகிற ஆளா இவர்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மூன்று மணிக்குப் போட்டார். நானும் சுண்டல் அவித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். நம்முடைய ஆட்கள் பந்து போடுகிறார்கள், எதிர்ப் பக்கத்தில் விக்கெட் ஒவ்வொன்றாக விழுகிறது. கடைசி ஜோடி மட்டும் பாறை மாதிரி நிற்கிறது. வெளிச்சம் வேறு குறைந்துகொண்டு வருகிறது. அப்பா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு விக்கெட்தான் பாக்கி. பந்துவீச்சாளர் ஓடி வருகிறார்.

திரை கறுத்தது. கரடிக்குட்டி வந்தது. அதன் கீழே இங்கிலீஷில் எழுத்து.

அப்பாவுக்குச் சிங்களமும் தமிழும் வாசிக்க வரும், இங்கிலீஷ் வராது. ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார். "நான்தான் எதையோ பிழையா அமுக்கிட்டேன் போல. ஒவ்வொரு நாளும் இப்படித்தான் ஆகுது. கொஞ்ச நேரம்தான் ஓடும், அதுக்குப் பிறகு நிண்டுரும்."

நான் எழுத்தை வாசித்தேன். இன்றைக்கு உனக்குக் கொடுத்த இரண்டு மணித்தியாலம் முடிந்துவிட்டது, இன்னும் வேண்டும் என்றால் உன் பெற்றோரிடம் அனுமதி கேள் என்று இருந்தது. உள்ளே போய்த் தேடினேன். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் வயது பத்து என்று போட்டிருந்தது. பெற்றோர் என்ற இடத்தில் அண்ணனின் பெயர்.

முதலில் தவறு நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மகனுக்கு வைத்திருந்ததை மாற்ற மறந்திருப்பார் என்று. அனுமதி கேட்கிற பட்டனை அமுக்கினேன். அங்கே அது ஞாயிறு விடிகாலை. தூங்குகிறவர் போனில் போய் விழுந்திருக்கும். கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. வேறு பெயரில் புதுக் கணக்குத் திறந்து உள்ளே போகப் பார்த்தேன், அதற்கும் அண்ணனின் ரகசிய எண்ணைக் கேட்டது. என் போனில் அந்த ஆப்பை இறக்கப் போனேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"விடு மகள். அவன் தூங்கட்டும்" என்றார் அப்பா.

கீழே பஸ் நிற்கிற பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு ஒரு சரம்.

"ஜெயிச்சிட்டாங்க போல" என்றார் அப்பா, கறுத்த டிவியைப் பார்த்துக்கொண்டு.

இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு அண்ணன் கூப்பிட்டார். நான் குசினிக்குள் போய் நின்று பேசினேன். வயசைத் தவறாகப் போட்டுவிட்டீர்கள் என்று தன்மையாகத்தான் தொடங்கினேன்.

"தவறா போடல. சின்னப் பிள்ளைன்னு போட்டாத்தான் நேரம் வைக்க விடும். அதான் அப்படிப் போட்டேன்."

"எதுக்குண்ணே நேரம்?"

"டாக்டர் அவரை நடக்கச் சொன்னாரா இல்லியா? நீ காலையில டிவி முன்னால உக்கார வச்சிட்டுப் போயிர்ற. எனக்கு வாராவாரம் ரிப்போட் வருது. என்ன பாத்தாரு, எவ்வளவு நேரம் பாத்தாருன்னு எல்லாம் தெரியும். நான் இங்க இருந்துகிட்டு வேற எப்படிக் கவனிக்கிறது?"

கவனிக்கிறாராம். குளிப்பாட்டுவது நான், மருந்து கொடுப்பது நான், கையைப் பிடித்து நடத்துவது நான். அவர் கவனிப்பது ரிப்போட்டை.

"அவர் நடக்கிறாரு. தினமும் நடக்கிறாரு. அது உன் பெட்டிக்குத் தெரியாது. அப்பாவுக்கு நேரம் வைக்க நீ யாரு?"

பிறந்ததிலிருந்து அண்ணனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவை 'நீ' வந்தது. அவருக்கும் அது கேட்டது. சிரித்தார்.

"ஏன், நம்ம சின்னதுல அவர் நமக்கு நேரம் வைக்கலியா? டிவி ஏரியல் வயரைக் கழட்டி சேட்டுப் பையில போட்டுக்கிட்டு டியூட்டிக்குப் போனவர்தானே?"

உண்மைதான். போனவர்தான். அந்த வயரை நினைத்து நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அப்போது நாங்கள் பிள்ளைகள், அவர் அப்பா. சட்டைப் பையில் வயரோடு போனவர் பின்னேரம் வந்து எங்கள் முகத்தைப் பார்த்து மாட்டிக்கொடுத்தார். ஒளித்து வைத்துவிட்டு, நாங்கள்தான் பிழையாக அமுக்கிவிட்டோம் என்று எங்களை நினைக்கவிடவில்லை. அதைத்தான் கத்தினேன். கத்தக் கத்த எனக்கே என் குரல் பிடிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. "உன்கிட்டே அனுமதி கேட்டு நிக்கிறதுக்கா அந்த மனுசன் இவ்வளவு காலம் பஸ் ஓட்டுனாரு?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாளே லீவு போட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் டிஷ்ஷைக் கேட்டேன். பாவம், அவர் கராம்பைச் சாக்கில் கொட்டி, டிஷ்ஷைத் துடைத்துக் கொடுத்தார். மாத்தளையிலிருந்து ஆள் வந்து கூரையில் பூட்டினான். பழைய ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டேன். பெட்டியைக் கழற்றும்போது கரடிக்குட்டியை இனிமேல் பார்க்க வேண்டியதில்லை என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த மேட்ச் ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் தொடங்கியது, நானும் வீட்டில் இருந்தேன். பத்து மணிக்கு அப்பா பழைய ரிமோட்டை ஒரு கையால் பிடித்துப் போட்டார். நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டே ஸ்கோரைக் கேட்டேன், அவர் சொன்னார். இரண்டு விக்கெட் போயிருந்தது. கெப்டனைத் திட்டினார். எல்லாம் பழையபடி இருந்தது. பகல் இடைவேளை நெருங்கியது. அதற்கு ஒரு ஓவர் இருக்கும்போதே டிவிச் சத்தம் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டதோ என்று மேலே பார்த்தேன். லைட் எரிந்தது.

முன்னறைக்கு வந்தேன். டிவி கறுத்திருந்தது. அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரிமோட் அவரிடமிருந்து எட்டத்தில், மேசை நடுவில் இருந்தது.

"ஏம்ப்பா நிப்பாட்டினீங்க?"

"ரெண்டு மணித்தியாலம் ஆயிருச்சு மகள்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அவனுக்குத் தெரிஞ்சா உன்னைத்தான் ஏசுவான். அன்னைக்கு நீ பேசுனதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு."

இனி யாருக்கும் ரிப்போட் போகாது, இது நம்முடைய டிஷ், நம்முடைய டிவி என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். விளங்கியது என்றார். ரிமோட்டை எடுத்து அவருடைய வலது கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டேன்.

அவர் அமுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"போடலாமா மகள்?" என்று கேட்டார்.