ஞாயிறு ஐந்து மணிக்கு ஒரு பெயர்

சலவைக் கடைக்காரருக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. சட்டையைப் பார்த்ததுமே கறை போகாது என்று தெரிந்துவிடும். இருந்தாலும் “பாக்கலாம் சார்” என்று வாங்கி வைப்பார். மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கறையோடேயே திருப்பிக் கொடுத்து, நன்றாகத் திட்டும் வாங்கிக்கொள்வார். இப்படிப்பட்ட மனுஷனை, போனில் நடக்கும் ஓர் இலக்கியக் குழுவுக்கு அட்மின் ஆக்கினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

குழுவில் நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு டாக்டர் எழுதிய அசட்டுக் கவிதைக்கு எழுபது பேர் கைதட்டியதையும், ஒரு டிரைவர் எழுதிய அருமையான கதையை ஈ காக்கை சீண்டாததையும் பார்த்த பிறகு, இவரே ஒரு விதி போட்டார். திங்கட்கிழமை ஒரு கதை வரும். எழுதியவர் பெயர் இருக்காது. வாரம் முழுக்கப் பேசலாம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அட்மின் பெயரைச் சொல்வார். அதுவரை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். “துணிக்கு நம்பர் போடற புத்தி அங்கேயும் போகல பாருங்க” என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்னொரு விதியும் உண்டு: மரியாதை. யாரையும் ஒருமையில் பேசக் கூடாது. இந்த விதியை மிகச் சரியாகக் கடைப்பிடித்தவர் சர்வேயர். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கதைகளை அளந்துகொண்டிருந்தார். “தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்” என்று அவர் ஆரம்பித்தால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். மூன்று பேர் அவரால் எழுதுவதையே விட்டிருந்தார்கள். மூவருக்கும் கடைசியில் “தொடர்ந்து எழுதுங்கள், வாழ்த்துகள்” என்று போட்டிருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த சர்வேயரின் சட்டைகளை வாராவாரம் கடைக்குக் கொண்டுவருவது அவர் வீட்டம்மா. ஒருநாள் சட்டைகளோடு நான்கு தாள்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். நுணுக்கி நுணுக்கி எழுதிய கையெழுத்து.

“நான் எழுதினது. உங்க குழுவுல போடுவீங்களா?”

கடைக்காரர் நின்றபடியே படித்தார். ஒரு மனைவி தினமும் சாப்பாட்டு மேஜையில் கணவனிடம் ஏதாவது கேட்கிறாள். அவன் “ம்” என்கிறான். கேட்கிறானா இல்லையா என்று சோதிக்க, நாளுக்கு நாள் கேள்வியை விபரீதமாக்குகிறாள். “நான் வீட்டை விட்டுப் போகட்டுமா?” “ம்.” “வீட்டைக் கொளுத்தட்டுமா?” “ம், கொஞ்சம் உப்பு எடு.” அவ்வளவுதான் கதை. கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. முடிக்கும்போது சிரிப்பு வரவில்லை.

“சாருக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாது. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குத் தெரிஞ்சா போதும். குழுவுல வர்றதையெல்லாம் அவர் எனக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுவார். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷமாச்சு. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தா’தான், ‘இங்க பாரு’தான். ஒரே ஒரு தடவை என் பேரை அவர் வாயால படிக்கக் கேக்கணும். அதுக்குத்தான்.”

“கண்டிப்பாம்மா” என்று வாக்குக் கொடுத்துவிட்டார், பாவி மனுஷன்.

திங்கட்கிழமை தட்டச்சு செய்து போட்டார். பத்து நிமிஷத்தில் சர்வேயர் வந்துவிட்டார். “தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதியவருக்குக் குடும்ப வாழ்க்கை தெரியவில்லை. திருமணமாகாத இளைஞராக இருக்க வேண்டும். இப்படி ஒரு கணவன் உலகத்தில் இருக்க முடியாது. எந்த மனிதனும் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருப்பான்.”

கடைக்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார். அட கடவுளே, போயும் போயும் இவரா இதைச் சொல்ல வேண்டும்!

குழுவில் இருந்த நர்ஸம்மா விடவில்லை. “மதிப்பிற்குரிய ஐயா, ஒவ்வொரு வரியும் உண்மை. என் வார்டில் இப்படி ஐம்பது கணவர்களைப் பார்த்திருக்கிறேன்” என்றாள். “அன்புச் சகோதரி, வார்டு வேறு, வாழ்க்கை வேறு” என்றார் சர்வேயர். “பெரியவர் மன்னிக்கணும்” என்று அவள். “தங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனால்” என்று இவர். வியாழக்கிழமைக்குள் அறுபத்து மூன்று பதிவுகள். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. படித்தவர்களுக்குத்தான் ரத்தம் கொதித்தது.

சர்வேயருக்குத் தனியாக இரண்டு வரி எழுதலாம் என்று கடைக்காரர் உட்கார்ந்தார். ‘சார், கொஞ்சம் பார்த்துப் பேசுங்க’ என்று அடித்தார். மரியாதையாக இல்லையே என்று அழித்தார். ‘எழுதியவர் புதியவர்’ என்று அடித்தார். துப்பு கொடுத்தது போலாகிவிடும் என்று அதையும் அழித்தார். இஸ்திரிப் பெட்டியைக் காயவிட்டு அரைமணி நேரம் இப்படியே போனது. கடைசியில் இரண்டு கை கூப்பிய படத்தை மட்டும் அனுப்பினார். உடனே பதில் வந்தது: “உங்கள் பாராட்டுக்கு நன்றி. இன்னும் விரிவாக எழுதுகிறேன்.”

எழுதினார். இரண்டு பக்கம்.

சனிக்கிழமை வீட்டம்மா வந்தாள். கடைக்காரருக்கு முகத்தைப் பார்க்கவே தைரியம் இல்லை.

“கதையை முழுசா எனக்குப் படிச்சுக் காட்டினார்” என்றாள். “என் வரியெல்லாம் அவர் குரல்ல. உப்பு கேக்கற இடத்துல நல்லாச் சிரிச்சார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு. அப்புறம் போனைக் கீழே வெச்சிட்டு, ‘இப்படி ஒருத்தன் இருக்கவே முடியாது’ன்னார்.”

“நாளைக்குத் தெரிஞ்சிடும்மா.”

“வேண்டாம். பேரைப் போட்டுடாதீங்க. வாரம் பூரா பேசி மாட்டிக்கிட்டார். இப்போ என் பேர் வந்தா அந்தப் புருஷன் யாருன்னு நூத்துப் பன்னெண்டு பேருக்கும் புரிஞ்சிடும். அத்தனை பேர் முன்னாடி அவர் தலைகுனிஞ்சு நிக்கணுமா?”

“விதின்னு ஒண்ணு இருக்கேம்மா. நீங்க ஆசைப்பட்டது...”

“ஆசைதான். என்ன பண்றது?” என்றாள்.

கடைக்காரரும் என்ன செய்வார்? பெயரைப் போட்டால் சர்வேயர் மானம் போகும், போடாவிட்டால் அவள் ஆசை போகும். தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிறு ஐந்து மணிக்கு, “எழுதியவர் தன் பெயரை வெளியிட விரும்பவில்லை” என்று போட்டார். குழு கொதித்துப்போனது, எல்லாம் மரியாதையாகத்தான். விதி போட்டவரே விதியை மீறலாமா என்று நர்ஸம்மாகூட மனம் வருந்தினாள். சர்வேயர் ஒரே வரி எழுதினார்: “தன் எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கத் துணிவில்லாதவர் எழுதாமல் இருப்பதே நல்லது.”

மறுநாள் காலையில் கடை வாசலில் இரண்டு பேரும் சேர்ந்தே வந்து நின்றார்கள். சர்வேயர் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைப் பார்த்தபடியே பேசினார்.

“என்கிட்ட மட்டும் சொல்லுங்க. யார் அந்தப் பையன்? நேர்ல பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்லணும். நடை நல்லாத்தான் இருக்கு. நேத்து கொஞ்சம் கடுமையாப் போயிட்டேனோன்னு ராத்திரியெல்லாம் மனசு கேக்கல.”

கடைக்காரர் வீட்டம்மாவைப் பார்த்தார். அவள் சர்வேயரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தனியாக இருக்கிறார், நல்ல மனநிலையில் இருக்கிறார், ஊருக்குத் தெரியப்போவதில்லை. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

“இங்க பாருங்க” என்றாள். “அந்தக் கதையை எழுதினது நான்தாங்க.”

கடைக்காரர் சர்வேயர் பக்கம் திரும்பினார்.

சர்வேயரின் கட்டைவிரல் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தது.

“ம்” என்றார்.

கடைக்காரருக்கு மேஜையை ஓங்கித் தட்டி, மனுஷா, நிமிர்ந்து பாருய்யா என்று கத்த வேண்டும் போலிருந்தது. வாயில் வந்தது இவ்வளவுதான்: “சார்... அம்மா ஏதோ சொன்னாங்க.”

“அவ ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பா” என்று சர்வேயர் அன்பாகவே சிரித்தார். “நீங்க சொல்லுங்க, யார் எழுதினது?”

வீட்டம்மா சட்டைகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்திருந்தாள். நிமிராமலே கடைக்காரருக்கு வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“சொல்ல முடியாது சார்” என்றார் கடைக்காரர்.