திரும்பிப் பார்த்த தண்டபாணி

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் செங்குட்டுவன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மணல் போட்டோக்காரன் என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வாரமெல்லாம் பெயிண்ட் அடிக்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்க வேண்டாமா? மாட்டான். கேமராவும் ஸ்டாண்டுமாகக் கத்திவாக்கம் போய், மீன்பிடிக்கிற தண்டபாணியின் படகில் முகத்துவாரத்தைத் தாண்டி, ஈ காக்கை இல்லாத மணல்திட்டில் இறங்குவான். கறுப்பு வெள்ளையில் கடல், மணல், மேகம், அவ்வளவுதான். குறுக்கே நாய் வந்தால்கூட விரட்டிவிட்டுத்தான் படம் எடுப்பான்.

"ஆளே இல்லாத போட்டோவ எவன்யா பாப்பான்? கட்டுன பொண்டாட்டிய ஒரு தபா எட்த்திருக்கியா நீ?" என்று அவன் மனைவி அன்புக்கரசி கேட்காத வாரமில்லை.

தொண்ணூற்றொன்பது ஐப்பசியில் முகத்துவாரத்து அலையில் தண்டபாணியின் படகு கவிழ்ந்தது. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. காரியத்துக்கு முதல்நாள் காலை அவன் மனைவி குணசுந்தரி செங்குட்டுவன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"நாளைக்கு காரியம்ணா. மாலை போட ஒரு படம் இல்ல. கல்யாண போட்டோ போன வருஷ மழையில நனஞ்சி கலீஜாயிடுச்சி. ஓட்டு கார்டு அது சட்டப் பையோடவே போச்சி. நீ வாரா வாரம் கேமராவோட வந்துகினு இருந்தியே, ஒண்ணாவது கீதாண்ணா?"

செங்குட்டுவன் மூலையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். ஐந்து வருஷப் பழக்கம், பெட்டி நிறைய நெகட்டிவ். ஒன்றில்கூட தண்டபாணி இல்லை. "ஒதுங்கு மாமு, ஒதுங்கு" என்றே அவனை ஓரங்கட்டியிருக்கிறான், பாவி.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அதுவும் அவனே பாழ் என்று ஒதுக்கிய படம். படகு கவிழ்வதற்கு முந்தின ஞாயிறு, "என்னியும் ஒண்ணு எடேன் மாமு" என்று தண்டபாணி தலையை வாரிக்கொண்டு வந்து நின்றான். மணல்வெளி எத்தனை பெரிது என்று காட்ட ஒரு ஆள் நின்றால் நல்லதுதான் என்று செங்குட்டுவனும் ஒப்புக்கொண்டான். ஆனால் சொன்னது என்ன? "மூஞ்சி வேணாம் மாமு. கடலப் பாத்துகினு நில்லு, முதுகு போதும்."

அன்றைக்கு இருட்டிய வானம். அலை பனிபோலப் படிய வேண்டுமென்று ஷட்டரை நாலைந்து மூச்சு நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. திறந்த உடனே தண்டபாணி தோளுக்கு மேல் முகத்தைத் திருப்பி, "ஆச்சா?" என்றான். "ஐயய்யோ, ஆடாத!" என்று செங்குட்டுவன் கத்த, மனுஷன் அப்படியே உறைந்து நின்றான். திரும்பி வரும்போது படகு முழுக்க வசவு. "படத்த கெட்த்துட்டியேடா, அறிவு கீதா?" அந்தக் கோபத்தில் பிலிமைக் கழுவாமல் கேமராவிலேயே விட்டிருந்தான்.

இதையெல்லாம் குணசுந்தரியிடம் எந்த வாயால் சொல்வது? "ஒண்ணு இருக்கலாம்மா. கழுவிப் பாத்தாதான் தெரியும்" என்று மட்டும் சொன்னான்.

இரண்டு வீட்டுக்குப் பொதுவான குளியலறை. கதவிடுக்கில் போர்வையைத் திணித்துக் கும்மிருட்டாக்கினான். பிலிமை ரீலில் சுற்ற வேண்டும். கை வேர்த்து பிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் மடங்கும், கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுத் தொலைந்தது. வெளியே பக்கத்து வீட்டு சுப்புராயன் கதவைத் தட்டினார்.

"இன்னாமே, ஆபீஸ் போவ வேணாமா நானு?"

"கதவுல கை வெச்சே, கைய ஒட்சிருவேன்!" அன்புக்கரசிதான். செங்குட்டுவன் விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, ஒருவழியாகப் பிலிமை உள்ளே தள்ளி டப்பாவை மூடினான்.

விளக்கைப் போட்டதும் அடுத்த இடி. படத்தை வரவழைக்கிற டெவலப்பரும் அதை நிலைக்க வைக்கிற ஹைப்போவும் ஒரே மாதிரி பாட்டிலில் இருந்தன. பதற்றத்தில் எது எங்கே வைத்தோம் என்பது மறந்தே போயிற்று. ஹைப்போவை முதலில் ஊற்றினால் படமெல்லாம் அழிந்து வெறும் கண்ணாடிப் பட்டைதான் மிஞ்சும். ஒரு பாட்டிலில் விரலை நனைத்துத் தேய்த்தான். சோப்புத் தண்ணீர்போல வழுக்கியது. இதுதான் டெவலப்பர். சாமியைக் கும்பிடாதவன், அன்றைக்கு யாரையோ வேண்டிக்கொண்டு ஊற்றினான்.

கழுவிய பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். கடல், கடல், கடல். கடைசியில் ஒரு ஆள். மிளகளவு முகம். லென்ஸை வைத்துப் பார்த்தான். அலைதான் கலங்கியிருந்தது, முகம் கலங்கவில்லை. பல் கறுப்பாகத் தெரிந்தது. நெகட்டிவில் பல் கறுத்தால் ஆள் சிரிக்கிறான் என்று அர்த்தம். செங்குட்டுவன் வெளியே காத்திருந்த குணசுந்தரியிடம் பிலிமையும் லென்ஸையும் நீட்டினான்.

அவள் லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்தாள். "பல்லெல்லாம் கருத்துகினு கீதேண்ணா?"

"பேப்பர்ல போட்டா சரியாய்டும்மா. சிரிக்கிறான் பாரு."

பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் செங்குட்டுவனால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"நான் முதுவக் காட்டித்தாம்மா நிக்கச் சொன்னேன். அவன் திரும்புனதுக்கு வண்டவண்டையா திட்டுனேன்."

அவள் லென்ஸை முந்தானையால் துடைத்து மறுபடி கண்ணில் வைத்தாள்.

"நல்ல வேளண்ணா," என்றாள், "நீ சொன்னத அது கேக்கல."