பத்து நாள் மாத்திரை

என் அத்தை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸின் விளிம்பைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தி, காதில் உறுத்தாதபடி வளைத்துக் கொடுக்க வேண்டும். கையைவிட அவள் வாய்தான் அதிகம் உழைக்கும். "மூக்கு சப்பையா இருந்தா ஃப்ரேம் என்ன பண்ணும் அண்ணே, வழுக்கத்தான் செய்யும்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். வந்தவரும் சிரித்துவிட்டுப் போவார். கடை முதலாளி அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ.

அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று ஒரே வீட்டில் இருந்த எங்களுக்கே தெரியாது. விடியுமுன்பே விழித்துக்கொண்டு, எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தாள். கடையில் வலது லென்ஸை இடப்பக்கம் மாட்டிக் கொடுத்தாள். வாங்கியவர் தலைவலியோடு திரும்பி வந்தார். மறுபடியும் அப்படி நடந்ததும் முதலாளி அப்பாவுக்கு போன் செய்தார். "ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துபோச்சு சார். உடம்பைச் சரி பண்ணி அனுப்புங்க. ஆனா ரொம்ப நாள் அந்த இடத்தை காலியா வெச்சிருக்க முடியாது."

கணவனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் அண்ணன் வீட்டில் இருந்தவளுக்கு அந்த ஓர் இடம்தான் சொந்தம்.

எங்கள் தெரு டாக்டர் கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். கூட்டம் வாசல்வரை நிற்கும்.

"என்னம்மா பண்ணுது?"

"அசதியா இருக்கு டாக்டர். தூக்கமே வரல."

சத்து ஊசி போட்டார். அடுத்த முறை வாயு மாத்திரை. அதற்கும் அடுத்த முறை ரத்தப் பரிசோதனை. முடிவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. எல்லாம் நார்மல்."

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டார். அப்புறம் எழுந்து குளிக்க என்ன கேடு?" முன்பானால் அம்மா ஒன்று சொன்னால் அத்தை ஒன்பது சொல்லியிருப்பாள். இப்போது போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை நானும் கூடப் போனேன். "டாக்டர், எதுக்கு உயிரோட இருக்கோம்னு தெரியலைன்னு அத்தை சொல்றாங்க" என்றேன்.

அவர் பேனா நின்றது. "அடடா, இது டிப்ரஷன்! இப்பதான் இதைப் பத்தி ஒரு வகுப்புக்குப் போயிட்டு வந்தேன்" என்று உற்சாகமாகச் சொல்லி, இருப்பதிலேயே சிறிய அளவில் ஒரு மாத்திரை எழுதினார். "பத்து நாள் போடுங்க. பளிச்சுன்னு ஆயிடும்."

காய்ச்சலுக்கு எழுதி எழுதிப் பழகிய கை. மனதுக்கும் அதே கெடுவை வைத்தது.

மாத்திரை குமட்டியது. அத்தை பொறுத்துக்கொண்டாள். "பத்து நாள் முடிஞ்சதும் வந்துடுவேன்னு முதலாளிகிட்ட சொல்லிடு" என்று என்னிடம் சொன்னாள். அவள் தானாக வாய் திறந்து பேசி வெகுநாளாகியிருந்தது.

பத்து நாளும் போயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளை டாக்டரிடம் நீட்டினேன். "வேலை செய்யவே பல வாரம் ஆகும்னு போட்டிருக்கு டாக்டர். அளவைக் கூட்டலாம்னும் இருக்கு."

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "படிச்ச பொண்ணு! இதையெல்லாம் படிச்சா ஒருத்தரும் மாத்திரை போட மாட்டாங்கம்மா. கேக்கிற மருந்துன்னா இந்நேரம் கேட்டிருக்கும்." பிறகு அத்தையிடம் மிகவும் கனிவாக, "இது உங்களுக்குக் கேக்கல. நிறுத்திடுங்க. நல்லா சாப்பிடுங்க, மனசை தைரியமா வெச்சுக்குங்க" என்றார்.

அதெல்லாம் அவளால் முடிந்திருந்தால் ஏன் அவர் வாசலில் வந்து காத்துக் கிடக்கப்போகிறாள்?

கடையில் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். டாக்டர் வழியில் அப்பாவைப் பார்த்து, "என்னால ஆனதை எல்லாம் செஞ்சேன் சார்" என்றாராம். "உங்களை யாரு குறை சொல்லப்போறா டாக்டர்?" என்று அப்பா கும்பிட்டுவிட்டு வந்தார்.

நான் மனநல டாக்டர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அத்தை கிளம்ப மறுத்துவிட்டாள்.

"அதான் சாப்பிட்டுப் பார்த்தாச்சே."

"அது பத்தவே பத்தாது அத்தை. அளவும் கம்மி, நாளும் கம்மி."

"இதுவரைக்கும் என்ன வியாதின்னு தெரியலையேன்னு இருந்தேன். வைத்தியம் பண்ணினா சரியாயிடும்னு ஒரு நெனப்பு இருந்துது" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. "இப்ப வியாதியும் தெரிஞ்சுபோச்சு, அதுக்கு மருந்து கேக்காதுன்னும் தெரிஞ்சுபோச்சு. விடு கண்ணு. லைட்டை அணைச்சிட்டுப் போ."